கண்காம்பில் தொடங்கிய வரைபடம்

இறால் ஆயும்போது முதலில் போவது தலை. தலையோடு கண்ணும் போகும். மிளகைப் போலக் கறுத்து, ஒரு சிறு காம்பின் நுனியில் நிற்கும் கண் அது. குப்பைக்குப் போகிற அந்தக் காம்புக்குள் நரம்பணுக்கள் கொத்தாக இருக்கின்றன. அவை உண்டாக்கும் பொருள்களைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது இரத்தத்தில் விடுகிற சிறு சுரப்பி ஒன்றும் இருக்கிறது. இறாலின் நிறம், அது ஓடு கழற்றும் நாள், இரத்தத்தில் ஓடும் சர்க்கரையின் அளவு, சினை பிடிக்கும் காலம் எல்லாவற்றிலும் அந்தக் காம்புக்குப் பங்கு உண்டு. பெரும்பாலும் பெப்டைடுகளைக் கொண்டே அது இந்த வேலையைச் செய்கிறது. அமினோ அமிலங்கள் மணி கோத்ததுபோல் வரிசையாகச் சேர்ந்த மூலக்கூறுகள் அவை. நரம்பணுவில் பிறப்பதால் அவற்றுக்கு நியூரோபெப்டைடு என்று பெயர்.

இறால், நண்டு, சிங்கி இறால் போன்ற ஓட்டுடலிகளின் நரம்பு மண்டலத்தில் எந்தப் பெப்டைடு எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடும் வேலை ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. தொடங்கி வைத்தவர்களுக்குப் பெப்டைடைத் தேடுகிறோம் என்பதே தெரியாது.

1928இல் அமெரிக்க விலங்கியலாளர் எர்ல் பெர்கின்ஸ், பேலமோனெட்டஸ் என்ற சிறு இறால்களை வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு விடை தேடினார். வெள்ளைத் தரையில் விட்டால் வெளிறியும் கறுப்புத் தரையில் விட்டால் கறுத்தும் போகிற இறாலுக்கு அந்த உத்தரவு எந்த வழியாகப் போகிறது? நரம்பை அறுத்துப் பார்த்தார். நிறம் மாறுவது நிற்கவில்லை. உடலின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் தடுத்தார். அந்தப் பகுதியில் நின்றுவிட்டது. கண்காம்புகளை அகற்றிய இறால் கறுத்தே கிடந்தது. காம்புகளை அரைத்து எடுத்த சாற்றை அதன் உடலில் செலுத்தியதும் வெளிறியது. அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் காட்வால்ட் கோலர் ஓர் இறாலின் இரத்தத்தை இன்னோர் இறாலுக்கு ஏற்றி, நிறம் இரத்தத்தோடு போவதைக் காட்டியிருந்தார்.

அவர்களுக்கு அளவுகருவியாக இருந்தது அந்த இறால்தான். தோலுக்கு அடியில் இருக்கும் நிறச் செல்கள் கிளை விரித்துக் கிடக்கின்றனவா, புள்ளியாகச் சுருங்கிவிட்டனவா என்று நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். சாற்றை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை இறால் பதில் சொல்கிறது என்று கணக்கிடுவார்கள். சாற்றில் இருக்கும் பொருள் என்னவென்று தெரியாது. அது செய்யும் வேலை மட்டும் கண்முன்னே நடந்தது.

சுவீடனின் லுண்டு நகரில் பெர்டில் ஹான்ஸ்ட்ரோம் 1930களில் அந்தக் காம்பை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, உள்ளே இருந்த இரண்டு அமைப்புகளைக் காட்டினார். ஒன்றுக்கு எக்ஸ் உறுப்பு என்று பெயர், மற்றது சைனஸ் சுரப்பி. எக்ஸ் என்ற பெயர் இன்றும் மாறவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் போலந்துக்காரரான அலெக்சாண்டிரோவிச் 1953இல் நண்டின் இதயத்தைச் சுற்றியுள்ள அறையில் வலைபோல் பரந்து கிடக்கும் நரம்பு உறுப்புகளை விவரித்தார். மெத்திலீன் நீலம் அவருக்குக் கைவந்த சாயம். புதிதாக எடுத்த திசுவில் அது நரம்பை மட்டும் நீலமாகக் காட்டும்; நிறம் மங்குவதற்குள் பார்த்து வரைந்துவிட வேண்டும். அந்த உறுப்பின் சாற்றை நண்டின் இதயத்தில் விட்டபோது துடிப்பு வலுத்தது. எந்தப் பொருளால் வலுத்தது என்று சொல்ல அப்போது ஒருவராலும் முடியவில்லை.

கேள்விக்கும் விடைக்கும் நடுவே கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் ஒரு மரியாதை வருகிறது. கண்காம்பை எடுத்துவிட்டால் நண்டு சீக்கிரமாக ஓடு கழற்றுகிறது என்று சார்லஸ் ஜெலனி கண்டது 1905இல். அதைத் தடுத்து வைத்திருக்கும் ஹார்மோனின் 78 அமினோ அமிலங்களையும் வரிசையாகப் படித்து முடித்தது 1991இல். சர்க்கரையைக் கூட்டும் பொருள் காம்பில் இருக்கிறது என்று ஆப்ரமோவிட்ஸ் குழு சொன்னது 1944இல். அதன் வரிசை தெரிந்தது 1989இல். அலெக்சாண்டிரோவிச் கண்ட இதய உறுப்பிலிருந்து ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடை ஜெர்மனியில் ரைனர் கெல்லரின் குழு பிரித்தெடுத்து வரிசை கண்டது 1987இல். ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை வர இரண்டு மூன்று தலைமுறை ஆயிற்று.

பெர்கின்ஸின் இறாலை வெளிறச் செய்த பொருள் கொஞ்சம் முன்னதாகவே கிடைத்துவிட்டது. 1972இல் பெர் ஃபெர்ன்லுண்டும் லார்ஸ் யோசெஃப்சனும், வட கடல்களில் பிடிபடும் பான்டலஸ் இறாலின் கண்காம்புகளிலிருந்து அதைத் தூய்மையாக்கி, எட்டு அமினோ அமிலங்கள் என்று எழுதினார்கள். செந்நிறத்தைச் சுருக்கும் ஹார்மோன். சில ஆண்டுகளில் வெட்டுக்கிளி பறப்பதற்கான எரிபொருளை இரத்தத்தில் திறந்துவிடும் ஹார்மோனின் வரிசை தெரிந்தபோது இரண்டும் ஒரே குடும்பம் என்பது புலப்பட்டது. இறாலில் நிறத்தைக் கவனிக்கும் மூலக்கூறின் உறவு, வெட்டுக்கிளியில் சிறகுக்குக் கொழுப்பு ஊட்டிக்கொண்டிருக்கிறது.

அக்காலத்தில் ஒரு பெப்டைடின் வரிசையைப் படிக்க எவ்வளவு பொருள் தேவைப்பட்டது என்பதற்கு அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. 1975இல் கனடாவில் ஸ்டாரட், பிரவுன் என்ற இருவர் 125 கிலோ கரப்பான்பூச்சிகளை அரைத்து, படிப்படியாகத் தூய்மையாக்கிக் கடைசியில் 180 மைக்ரோகிராம் பொருளைப் பெற்றார்கள். ஓர் அரிசி மணியின் எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. புராக்டோலின் என்று பெயரிட்டார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள். கரப்பானில் கிடைத்த அதே ஐந்தும், அதே வரிசையில், பின்னர் சிங்கி இறாலிலும் நண்டிலும் கிடைத்தன.

*

நண்டு வாயில் கடித்ததை வயிற்றில்தான் அரைக்கிறது. இருபுறமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என வயிற்றுக்குள் மூன்று பற்கள். அவற்றை அசைக்கும் தசைகளுக்கும், அரைத்ததை வடிகட்டி உள்ளே தள்ளும் தசைகளுக்கும் தாளம் கொடுப்பது வயிற்றின் மேல்புறம் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சு. ஜோனா நண்டு என்ற வகையில் அதில் 26 நரம்பணுக்கள் அளவில் இருக்கும், சிங்கி இறாலில் 30 அளவில். இதயத்திலிருந்து தலைக்குப் போகும் இரத்தக் குழாய்க்கு உள்ளேயே அந்த முடிச்சு கிடக்கிறது. இரத்தத்தில் எது வந்தாலும் முதலில் அதன்மேல் படும்.

அதை எடுப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நண்டை அரை மணி நேரம் பனிக்கட்டியில் புதைத்து மரக்கச் செய்கிறார்கள். ஓட்டைத் திறந்து வயிற்றை முழுதாக எடுத்து, பிளந்து, ஒட்டாத மெழுகுபோன்ற சிலிக்கோன் ஊற்றிய தட்டில் குண்டூசிகளால் விரித்துக் குத்துகிறார்கள். நுண்ணோக்கியின் கீழே, தசையிலிருந்து தலைமயிரைவிட மெல்லிய நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். இழுத்தால் அறும். பழகிய கைக்கே சில மணி நேரம் பிடிக்கும். கடைசியில் தட்டில் மிஞ்சுவது ஒன்றிரண்டு முடிச்சுகளும் அவற்றை இணைக்கும் நூல்களும்தான். நரம்பைச் சுற்றி வாசலீனால் ஒரு குட்டிப் பாத்தி கட்டி, உள்ளே மெல்லிய கம்பியை இறக்கி, குளிர்ந்த உப்புநீரை ஓடவிட்டால் திரையில் துடிப்புகள் வரத் தொடங்கும். நண்டு இல்லை, வயிறு இல்லை, அரைக்க உணவும் இல்லை. நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தாளம் மட்டும் மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக நடந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவில் டொனால்ட் மேனார்டும், அவரை அடுத்து சான்டியேகோவில் ஆலன் செல்வர்ஸ்டனும் 1960களிலும் 70களிலும் இந்த முடிச்சைக் கையிலெடுத்தார்கள். முப்பது அணுக்களின் இணைப்பு முழுவதையும் வரைந்துவிட்டால் தாளம் எப்படிப் பிறக்கிறது என்பது விளங்கிவிடும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. 1979இல் செல்வர்ஸ்டனின் ஆய்வகம் ஒரு முறையைக் கண்டது: ஓர் அணுவுக்குள் மட்டும் சாயத்தை ஏற்றி, ஒளியைப் பாய்ச்சி, அந்த ஓர் அணுவைக் கொன்றுவிட்டு மற்றவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது. அப்படி ஒன்றொன்றாக நீக்கி நீக்கி, யார் யாரை அடக்குகிறார்கள், யார் யாரோடு கைகோத்திருக்கிறார்கள் என்று வரைந்தார்கள். படம் ஒரு தாளுக்குள் அடங்கியது. இத்தனை முழுமையான இணைப்புப் படம் அன்று வெகுசில நரம்புத் தொகுதிகளுக்கே இருந்தது.

அந்தப் படம் போதாது என்று காட்டியவை பெப்டைடுகள். செல்வர்ஸ்டனின் மாணவியாக இருந்த ஈவ் மார்டர், பாஸ்டன் அருகே பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் தமது ஆய்வகத்தை அமைத்த பிறகு, புராக்டோலினை அந்த முடிச்சின் மேல் ஓடவிட்டுப் பார்த்தார். தளர்ந்திருந்த தாளம் எழுந்தது. வேறொரு பெப்டைடை விட்டால் அதே முப்பது அணுக்கள் வேறொரு தாளத்தைப் போட்டன. ஒயர் ஒன்றுகூட மாறவில்லை. 1990இல் பாட்சி டிக்கின்சன், மெக்சாஸ், மார்டர் மூவரும் ஃபெர்ன்லுண்டின் அந்த எட்டு அமினோ அமில ஹார்மோனைச் சிங்கி இறாலின் முடிச்சில் விட்டபோது, தனித்தனியாக நடந்துகொண்டிருந்த இரண்டு தாளங்கள் கலந்து ஒரே தாளமாயின. கண்காம்பிலிருந்து இரத்தத்தில் இறங்கித் தோலின் சிவப்பைச் சுருக்கும் பொருள்தான், நரம்பு வழியாக வந்து வயிற்றின் இரண்டு தாளங்களையும் இணைத்து வைத்தது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மனத்தைவிட்டு அகலாத செய்தி இதுதான்.

ஆகவே ஒயர் படத்தின் மேல் இன்னொரு படம் தேவைப்பட்டது. எந்தப் பெப்டைடு எந்த நரம்பில், எந்த அணுவில்? 1980களில் அதற்குக் கிடைத்த கருவி எதிர்ப்பொருள். புராக்டோலினை முயலுக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை எடுத்து, ஒளிரும் சாயத்தோடு கோத்து, நரம்பு மண்டலத்தின் மேல் விட்டால் புராக்டோலின் உள்ள அணுக்கள் இருட்டில் ஒளிரும். 1986இல் கேத்லீன் சிவிக்கியும் பிஷப்பும் சிங்கி இறால், நன்னீர்க் கிரேஃபிஷ் ஆகியவற்றின் நரம்பு மண்டலம் முழுவதையும் இப்படி வரைந்து வெளியிட்டார்கள். கட்டுரைத் தலைப்பில் ஒரு சிறு சொல் இருந்தது: புராக்டோலின் ‘போன்ற’.

அந்தப் ‘போன்ற’ என்ற சொல் அக்காலக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் வரும். எதிர்ப்பொருள் ஒரு மூலக்கூறின் வாலைப் பிடித்து அடையாளம் காண்கிறது. அதே வால் உள்ள வேறொன்றையும் பிடித்துவிடும். 1977இல் ஒரு கிளிஞ்சலில் கண்டெடுத்த நான்கு அமினோ அமிலப் பெப்டைடுக்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்பொருள், சிங்கி இறாலில் எத்தனையோ அணுக்களை ஒளிரச் செய்தது. 1987இல் எட்வர்ட் கிராவிட்ஸின் ஆய்வகம் சிங்கி இறாலிலிருந்தே பொருளைத் தூய்மையாக்கிப் பார்த்தபோது கிளிஞ்சலின் பெப்டைடு அதில் கிடைக்கவில்லை. அதே குடும்பத்தின் நீண்ட உறவினர் இரண்டு கிடைத்தன. ‘போன்ற’ என்று எழுதியவர்கள் தெரிந்தே எழுதினார்கள். அறிந்ததற்கும் அறியாததற்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று அந்த ஒரு சொல் சொல்லிவிடும்.

அன்று வரைபடம் என்பது உண்மையாகவே வரைந்த படம். நுண்ணோக்கியில் கேமரா லூசிடா என்ற கண்ணாடி அமைப்பைப் பொருத்தினால் திசுவும் தாளும் பென்சில் நுனியும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். ஒளிரும் அணுக்களைக் கறுப்புப் புள்ளிகளாக வைத்து, நரம்பு போகும் வழியைக் கோடாக இழுப்பார்கள். மேலும் கீழும் குவியத்தைத் திருப்பித் திருப்பி, ஒரு கோடு எங்கே மற்றொன்றின் அடியில் நுழைகிறது என்று பார்த்துத்தான் இழுக்க முடியும். பழைய இதழ்களில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கிறபோது, வரைந்தவர் அந்த நரம்பு மண்டலத்தில் நடந்து பழகியவர் என்று தோன்றும்.

*

இன்று ஒரு நண்டு போதும். சில வேளை ஒரு முடிச்சு போதும்.

எடுத்த முடிச்சை முதலில் அமிலம் கலந்த மெத்தனாலில் ஒரு கணம் முக்கி அலசுகிறார்கள். கடல் பிராணியின் திசுவில் உப்பு மிகுதி. உப்பு இருந்தால் கருவியின் கணக்கு குழம்பும். பிறகு பளபளப்பான எஃகுத் தட்டில் வைத்து, ஒருவகை அமிலக் கரைசலை ஒரு துளி விட்டுக் காயவிட்டால், ஊசி ஊசியாகப் படிகம் பூக்கும். தட்டை நிறை நிறமாலைமானிக்குள் தள்ளி லேசரைச் சுட்டால், படிகத்தோடு பெப்டைடுகளும் ஆவியாகி ஒரு குழாய்க்குள் பறக்கின்றன. எடை குறைந்தது முன்னே வரும், கூடியது பின்னே வரும். வந்த நேரத்தைக் கொண்டு எடையைக் கணக்கிட்டுத் திரை சிகரங்களாக வரைகிறது. 649.37இல் ஒரு சிகரம் எழுந்தால் அது புராக்டோலின். 934.49இல் எழுந்தால், டாக்கிகைனின் என்ற குடும்பத்தைச் சேர்ந்த, ஜோனா நண்டில் கண்டெடுத்து அதன் பெயரையே பெற்ற பெப்டைடு. ஒரு மூலின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அதாவது ஃபெம்டோமூல் அளவே கருவிக்குப் போதும். 125 கிலோ கரப்பானிலிருந்து அன்று எடுத்தது, இந்தக் கணக்கில் 27 கோடி ஃபெம்டோமூலுக்கும் மேல்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லிங்ஜுன் லி இந்த வழியில் நண்டு, சிங்கி இறால்களின் பெப்டைடுகளைத் தொடர்ந்து தேடி வருபவர். 2002இல் ஆர்கோகைனின் என்ற குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் மார்டரோடும் மற்றவர்களோடும் வத்சலா திருமலையின் பெயரும் இருக்கிறது. பிராண்டைஸில் சிங்கி இறாலின் முடிச்சைக் குடைந்த அவர் இப்போது பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் வரிக்குதிரை மீனின் மூளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நண்டு இரை தின்றதும் மூளையின் பெப்டைடுகளில் எது கூடுகிறது, எது குறைகிறது என்றுகூட இன்று ஒப்பிட முடிகிறது. திசுவைச் சீவி, அதன்மேல் லேசரை ஏர் ஓட்டுவதுபோல் வரிவரியாக ஓட்டினால், ஒவ்வொரு எடைக்கும் ஒரு தனிப் படம் கிடைக்கிறது. ஒரே சீவலில் பல பெப்டைடுகளின் வரைபடம், ஒரே நேரத்தில். கேமரா லூசிடாவில் ஓர் எதிர்ப்பொருளுக்கு ஒரு படம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் இதைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அதற்கும் மேலே மரபணு வரிசை வந்தது. 2011இல் நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியாவின் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியானது. ஓட்டுடலிகளில் அதுவே முதல். அதே ஆண்டில் ஸ்டாக்ஹோமின் ஹைன்ரிக் டிர்க்சனும் மற்றவர்களும் அதிலிருந்து அதன் நியூரோபெப்டைடுகளைப் பட்டியலிட்டார்கள். 2019இல் வனாமி இறால், 2021இல் அமெரிக்கச் சிங்கி இறால் என்று வரிசைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கிறிஸ்டி போன்றவர்கள் கணினியில் அந்த வரிசைகளைத் தேடி, இந்த மரபணு இந்தப் புரதமாகும், அது இந்த இடங்களில் வெட்டுப்பட்டு இந்தப் பெப்டைடுகளாகும் என்று எழுதுகிறார்கள். இறாலைத் தொடவே வேண்டாம்.

பெறுவது கொஞ்சமல்ல. ‘போன்ற’ என்ற சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எஸ்ஐஎஃப் அமைடு என்ற பெப்டைடு நண்டில் கிளைசினில் தொடங்குகிறது, சிங்கி இறாலில் அதே இடத்தில் வாலின். மீதிப் பதினொன்றும் மாறவில்லை. இந்த ஓர் எழுத்து வேறுபாட்டை எதிர்ப்பொருள் ஒருநாளும் சொல்லியிருக்காது. ஆனால் தேடலின் வரிசை தலைகீழாகிவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று ஒரு பொருள் என்ன செய்கிறது என்பது தெரியும், பெயர் தெரியாது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பெப்டைடுகளின் பெயரும் எழுத்தும் எடையும் தசமத்தோடு தெரியும்; அவற்றில் பலவற்றை எந்த இதயத்தின் மேலும் எந்த முடிச்சின் மேலும் இன்னும் யாரும் ஒரு துளி விட்டுப் பார்க்கவில்லை. ஜெலனியும் பெர்கின்ஸும் விட்டுப்போனது பெயரில்லாத வேலைகள். அடுத்த தலைமுறைக்கு நாம் கொடுக்கப்போவது வேலை தெரியாத பெயர்கள். தேடுகிறவருக்கு இந்த இரண்டாவது சுமையே கனமானது என்று நினைக்கிறேன். வேலை தெரிந்தால் பொருளைத் தேடிப் போகலாம்; அரைத்துக்கொண்டே, பிரித்துக்கொண்டே போனால் ஒருநாள் வந்து சேரலாம். பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தேடுகிறவருக்கு உடல் முழுவதும் வாசல்.

கருவிக்கும் எல்லை உண்டு. லூசினும் ஐசோலூசினும் ஒரே எடை. சிகரத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மரபணு சொல்லும் பெப்டைடு அந்த அணுவில் உண்மையிலேயே உண்டாகிறதா என்பதை எடையோ எதிர்ப்பொருளோதான் உறுதி செய்ய வேண்டும். அதனால் பழைய கைவேலை போய்விடவில்லை. மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரியில் பாட்சி டிக்கின்சனின் ஆய்வகம், புதிதாகக் கண்டெடுத்த பெப்டைடுகளைச் சிங்கி இறாலின் இதயத்தில் விட்டுப் பார்க்கிறது. அந்த இதயத்துக்குள் ஒன்பதே ஒன்பது நரம்பணுக்கள். இதயத்தின் நுனியில் நூலைக் கட்டி விசையை அளக்கிறார்கள். 2012இல் அவர்கள் எழுதியது: அலாட்டோஸ்டாட்டின் சி வகைப் பெப்டைடு ஒன்று சில சிங்கி இறால்களில் துடிப்பின் வலுவைக் கூட்டுகிறது, வேறு சிலவற்றில் குறைக்கிறது. ஒரே இனம், ஒரே பெப்டைடு. எஃகுத் தட்டின் மேல் அந்த இரண்டு விலங்குகளுக்கும் சிகரம் ஒரே இடத்தில்தான் எழும். அவற்றை வேறுபடுத்திக் காட்ட இதயம் துடிக்க வேண்டியிருந்தது.

கடல் மாறிக்கொண்டிருக்கிறது என்பதாலும் இந்த வரைபடத்துக்கு இன்று வேறொரு அவசரம் வந்திருக்கிறது. நண்டின் உடல் வெப்பம் கடல்நீரின் வெப்பம்தான். ஜோனா நண்டின் வயிற்றுப் பற்களை அசைக்கும் தாளம் 10 டிகிரியில் நன்றாக நடந்து, 13 டிகிரியில் நின்றுபோவதைக் கரோலா ஷ்டேடலே, வொல்ஃப்காங் ஸ்டைன் குழு 2015இல் காட்டியது. மூன்றே டிகிரி. நின்றுபோன தாளத்தின் மேல் 934.49இல் சிகரம் காட்டும் அந்தப் பெப்டைடைச் சேர்த்தார்கள், தாளம் திரும்பியது. முழு நண்டில் அந்தப் பெப்டைடை விடும் நரம்பு வேலை செய்துகொண்டிருக்கிறது, ஆகவே வெயிலேறிய நீரிலும் அது அரைத்துத் தின்கிறது. மேனார்ட் காலத்து ஒயர் படத்தில் இந்தச் செய்தியை எழுத ஓர் இடமும் இல்லை.

*

நம் கரையில் இந்தக் கதையின் வேறொரு நுனி கிடக்கிறது. 1943இல் பிரான்சின் பனூஸ், பெண் இறாலின் கண்காம்பை எடுத்துவிட்டால் பருவம் இல்லாத காலத்திலும் சினை வளர்கிறது என்று கண்டார். சினையை அடக்கி வைக்கும் பெப்டைடு அந்தக் காம்பில்தான் இருக்கிறது. 1970களில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் முத்துவும் லட்சுமிநாராயணாவும் நம் இறால்களில் அதைச் செய்து முட்டையிட வைத்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஹேச்சரிகளில் வனாமி தாய் இறாலுக்கு இன்றும் நடப்பது அதுவே. தொழிலாளி இறாலை நீருக்குள்ளேயே கையில் அடக்கிப் பிடிக்கிறார். சூடேற்றிய இடுக்கியால் ஒரு கண்காம்பை மட்டும் நசுக்கித் துண்டிக்கிறார். மற்றதைத் தொடுவதில்லை. சில நொடி வேலை.

அடக்கும் அந்தப் பெப்டைடின் வரிசை சிங்கி இறாலில் 1991இலேயே தெரிந்துவிட்டது. தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தில் 2011இல், அதன் மரபணுச் செய்தியை மட்டும் மௌனமாக்கும் இரட்டை இழை ஆர்என்ஏவைச் செலுத்தி, கண்ணைத் தொடாமலே டைகர் இறாலைச் சினைப்படுத்தி முட்டையிட வைத்தார்கள். வழி திறந்திருக்கிறது. அது விலை மலிந்து தொட்டிக்கரை வரை வந்து சேரவில்லை, இடுக்கி சேர்ந்திருக்கிறது. அந்தக் காம்பில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு வேலைகளில் ஒன்றை நிறுத்துவதற்காக எல்லாவற்றையும் சேர்த்துத் துண்டிக்கிறோம் என்பதை எழுத்தெழுத்தாகத் தெரிந்துகொண்ட பிறகும் இதுதான் நிலை. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

கண் போன இறால்களை மங்கிய வெளிச்சத்தில், கறுப்புத் தொட்டியில் விடுவார்கள். அடுத்த சில நாள்கள் சாயங்கால வேளையில் ஒருவர் தொட்டிக்குள் இறங்கி, நீருக்கடியில் விளக்கைப் பிடித்து இறாலின் முதுகை ஒளிக்கு எதிரே பார்ப்பார். ஓட்டின் ஊடே, தலையிலிருந்து வால் வரை ஒரு நிழல்கோடு தடித்துக்கொண்டு வருகிறதா என்று தேடுவார். நிறை நிறமாலைமானியும் மரபணு வரிசையும் அங்கே இல்லை. பெர்கின்ஸ் பார்த்ததைப் போலவே, பதில் இறாலின் உடம்பில் தெரியக் காத்திருக்கிறார். கோடு தடித்த இறாலை வலையில் ஏந்தி முட்டையிடும் தொட்டிக்குக் கொண்டுபோகிறார்.